பிள்ளைக்குப் பால், தாய்க்குத் துணை

ஊவா மாகாணத்துச் சைவ மக்களுக்குக் கதிர்காமக் கந்தன் எட்டாத் தொலைவில் உறையும் தெய்வம் அல்லன். மாணிக்க கங்கைக் கரையில் கோயில் கொண்டிருக்கும் அப்பெருமானுக்கு நேர்ந்து கொண்டு, பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்று வருகின்றனர். அந்த முருகனின் திருநாமங்களுள் ஒன்று கார்த்திகேயன் என்பதாகும். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தோன்றிய அவனுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர் எனக் கந்தபுராணம் கூறும். பின்னர் உமையம்மை வந்து ஆறு குழந்தைகளையும் ஒருசேர அணைத்து ஒருவனாக்கினாள். ஆயினும் வளர்த்த பெண்களின் பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. கார்த்திகை விரதம் நோற்போர் பலர். ஆனால் அவ்விரதத்துக்குப் பெயர் தந்தவர்கள் ஒரு பச்சிளங் குழந்தைக்குப் பால் கொடுத்த பெண்கள் என்பதை நினைப்போர் சிலரே.

தெய்வக் குழந்தைக்கே ஆறு தாய்மார் முன்வந்தனர். தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் பிள்ளை பெற்றிருக்கும் பெண்ணுக்கு எத்தனை பேர் துணை நிற்கின்றனர் என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

பால் சுரப்பது எவ்வாறு என்பதை முதலில் அறிந்து கொள்ளுதல் நல்லது. பிள்ளை மார்பைச் சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து புரோலக்ரின் என்னும் ஓமோன் சுரந்து பாலை உண்டாக்குகிறது. ஒக்சிரோசின் என்னும் மற்றொன்று, உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. ஆகவே பிள்ளை குடிக்கக் குடிக்கப் பால் ஊறும்; குடிப்பது குறைந்தால் ஊற்றும் குறையும். இரவில் கொடுக்கும் பாலுக்கு இதில் தனிப் பங்கு உண்டு, ஏனெனில் புரோலக்ரின் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. ஒக்சிரோசினுக்கோ வேறொரு குணம் உண்டு. தாய் பயந்தாலும், மனம் நொந்தாலும், வலியில் துடித்தாலும் அதன் வேலை சிறிது நேரம் தடைப்படும். பால் மார்பில் இருக்கும், ஆனால் இறங்காது. பிள்ளை அழும். அழுகையைக் கேட்ட மாமியார், "ஒனக்குப் பாலு பத்தல, மாப்பாலக் கரச்சு ஊத்து" என்பார். அந்தச் சொல் தாயின் மனத்தைச் சுடும். அடுத்த முறை பால் இன்னும் மெதுவாக இறங்கும். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட ஒரு வார்த்தையே சில நாட்களில் அப்பெண்ணின் பாலை வற்றச் செய்துவிடக் கூடும்.

உண்மையில் பால் போதுமா இல்லையா என்பதைப் பிள்ளையின் அழுகையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்து, கிளினிக்கில் நிறை பார்க்கும்போது பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டிலுள்ள கோடு மேல்நோக்கிச் சென்றால் பால் போதுமானது என்றே கொள்ளலாம். பிறந்த சில நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது மீண்டுவிடும். இது தெரியாமல் கலங்கிப் போய் முதல் வாரத்திலேயே பால் போத்தல் வாங்கிய வீடுகள் உண்டு.

முற்காலத்து வழக்கங்களில் போற்றத்தக்கவையும் இருந்தன, விட்டுவிட வேண்டியவையும் இருந்தன. பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது என்று சீனித் தண்ணீரோ தேனோ நாவில் தடவுவதும், சீம்பால் என்று சொல்லப்படும் கடும்புப் பாலைக் 'கெட்ட பால்' என்று பீச்சிக் களைவதும் பின்னவற்றில் சேரும். மஞ்சள் நிறத்தில் திரண்டு வரும் அந்த முதற்பாலே பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து எனலாம். அளவு கொஞ்சம்தான், ஆனால் பிறந்த பிள்ளையின் வயிறும் மிகச் சிறியதே. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதேபோல், ஆறு மாதம் நிறையும்வரை பிள்ளைக்குத் தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே.

போற்றத்தக்க வழக்கம் எதுவெனில், தீட்டுக் காலம் என்று சொல்லி முப்பது நாள் தாயை வேலை வாங்காமல் வைத்திருந்ததாகும். அதனை வெறும் விலக்காக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வை ஆகாது. அந்த நாட்களில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் பத்தியக் கறி ஆக்கிக் கொடுத்தனர். பூண்டும் மிளகும் கருவாடும் முருங்கைக் கீரையும் தாயின் கோப்பைக்கு வந்தன. கிழவி ஒருத்தி பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். விறகும் தண்ணீரும் பிறர் சுமந்தனர். தாய்க்கு இருந்த வேலைகள் இரண்டுதான், படுத்திருப்பதும் பால் கொடுப்பதும். இன்று பிள்ளைப்பேறு வைத்தியசாலையில் நடக்கிறது. தாயும் சேயும் பிழைப்பது முன்னரைவிடப் பன்மடங்கு உறுதியாகிவிட்டது. 1930 வாக்கில் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய இருநூறு பேர் முதலாண்டைக் காணாமலே இறந்தனர் என்பதை நினைத்தால் வந்த தூரம் விளங்கும். ஆனால் வீடு திரும்பிய தாயைச் சூழ்ந்து நின்ற அந்தப் பெண்கள் கூட்டம் மெலிந்துவிட்டது. பலர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போய்விட்டனர். எஞ்சியோர் மலையில் நிற்கின்றனர்.

இனி இவ்விடயத்தின் முக்கியமான கணக்குக்கு வருவோம். 2001 ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என்று வரையறுத்தது. அதற்கு முன்னர் நான்கு முதல் ஆறு மாதம் என்றே சொல்லப்பட்டு வந்தது. பாட்டிமார் பலர் இன்றும் நாலாம் மாதத்திலேயே சோற்றைக் குழைத்து ஊட்டத் துடிப்பது அந்தப் பழைய கணக்கால்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் என்பது 26 வாரம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்களுக்கும் உரியது. அதன் பொதுக் கணக்கின்படி பிள்ளைப்பேற்றுக்கு முன் இரண்டு வாரமும் பின் பத்து வாரமும் விடுமுறை. முன்னர் மூன்றாம் பிள்ளை தொடக்கம் இந்த விடுமுறை பாதியாகக் குறைந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கியது. நல்ல மாற்றம். எனினும் பத்தாம் வாரத்தில் தாய் பெரட்டுக்குப் போய்விடுகிறாள். பிள்ளைக்கோ இன்னும் பதினாறு வாரம் தாய்ப்பால் மட்டுமே வேண்டும். தோட்டங்களில் பால் நிற்பது இந்தப் பதினாறு வாரத்திலேதான்.

காலையில் கூடையை மாட்டிக் கொண்டு மலையேறும் தாய், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் ஆயாவிடம் ஒப்படைக்கிறாள். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் இருக்கின்றனர். ஆயினும் மலைக்கும் மடுவத்துக்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கம் மாறவில்லை. சில மலைகளிலிருந்து இறங்கி வரவே அரை மணி நேரம் செல்லும். பத்து மணிக்கெல்லாம் மார்பு கனத்துச் சட்டை நனைகிறது. வலி பொறுக்காமல் தேயிலை மரத்தடியில் பாலைப் பீச்சி மண்ணில் விட்டுவிட்டு மீண்டும் கொழுந்தில் கை வைக்கும் தாய்மார் உண்டு. அதே நேரத்தில் கீழே அப்பிள்ளை தேத்தண்ணீரோ மாப்பாலோ குடித்துக் கொண்டிருக்கும். பாலுக்குக் குறைவில்லை, பிள்ளைக்கும் பசி உண்டு. இடையில் கிடப்பது ஒரு மலைப்பாதைதான்.

இதற்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு என்பதைப் பலர் அறியார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் பாலூட்டுவதற்கென இரண்டு இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையாமலும், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் உரிய நேரத்தோடு இதனைச் சேர்க்கக் கூடாது. இது யாரும் இரங்கிக் கொடுக்கும் சலுகை அன்று, உரிமை. ஆனால் கொழுந்தை நிறுத்துப் பேர் போடும் இடத்தில் அந்த உரிமை தராசின் முன் வந்து நிற்கிறது. இரண்டு தடவை இறங்கி ஏறினால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற அச்சம் எழும். ஆகவே தாய் வாய் திறப்பதில்லை. காலப்போக்கில் பாலும் குறைந்து போகிறது.

இங்கேதான் துணை என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. கங்காணி ஒருவர் மனம் வைத்தால், கைக்குழந்தையுள்ள பெண்ணுக்கு மடுவத்தை அண்டிய மலையில் நிரை கொடுக்கலாம். கணக்கப்பிள்ளை மனம் வைத்தால், பால் கொடுத்துவிட்டு வருபவளைப் 'பிந்தி வந்தவள்' என்று ஏசாமல் விடலாம். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சின்போது பாலூட்டும் தாயின் கொழுந்துக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம். பக்கத்து நிரையில் நிற்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டால் அந்த அரை மணி நேரக் குறைவு தீர்ந்துவிடும். கார்த்திகைப் பெண்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதானே!

இறங்கி வரவே முடியாத மலையானால் இன்னொரு வழி உண்டு. திருஞானசம்பந்தரின் வரலாறு கோயிலுக்குச் செல்வோர் எல்லோரும் அறிந்தது. சீர்காழிக் குளக்கரையில் அழுது நின்ற மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் திருமுலைப்பாலைக் கறந்து ஊட்டியருளினாள் என்கிறது பெரியபுராணம். மார்பில் அணைத்து ஊட்டாமல் கிண்ணத்தில் கறந்து கொடுத்தாள் என்பது கவனிக்கத் தக்கது. இன்று வைத்தியர்கள் வேலைக்குப் போகும் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பதும் இதுவே. அதிகாலையில் பிள்ளைக்குக் கொடுத்த பின், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீரில் அவித்த மூடியுள்ள கிண்ணத்தில் பாலைக் கையால் மெல்லப் பீச்சி எடுத்து வைக்க வேண்டும். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரம் வரை அது கெடாது. மலையகத்துக் காலைக் குளிர் இதற்கு நல்ல துணை. ஆயா அதனைக் கரண்டியாலோ சங்காலோ சிறு கிண்ணத்தாலோ ஊட்டலாம். பால் போத்தல் வேண்டாம். போத்தலின் காம்பு கழுவக் கடினம், கிருமி தங்கும். அதைச் சப்பிப் பழகிய பிள்ளை தாயின் மார்பை மறுக்கவும் கூடும். பழைய வீடுகளில் இருந்த சங்கை எறிந்துவிட்டுப் போத்தலை நாகரிகம் என்று வாங்கியது நட்டமான வியாபாரம்தான். மாலையிலும் இரவிலும் விடுமுறை நாளிலும் பிள்ளை நேரடியாகக் குடித்து வந்தால் ஊற்று வற்றாது.

மாப்பாலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கடையில் தேத்தண்ணீருக்கு வாங்கும் பால்மா பச்சிளம் பிள்ளைக்கு ஏற்றது அன்று. பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் மாவோ விலை மிகுந்தது. விலை மிகுந்தால் வீட்டில் தண்ணீராகத்தான் கரைப்பார்கள். அந்தத் தண்ணீரும் பீலியிலிருந்து வருவது. மழைக் காலத்தில் கலங்கி வரும். வயிற்றோட்டம், நிறைக் குறைவு, வைத்தியசாலை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் 1939 இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையொன்றில், பொருந்தாத பாலைக் குழந்தைக்கு ஏற்றதெனப் பரப்புவது கொலைக்கு ஒப்பானது என்று கடுமையாகச் சாடினார். 1981 இல் உலக சுகாதாரப் பேரவை குழந்தைப் பால்மா விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் கோவையை ஏற்றது. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒன்றை வகுத்துக் கொண்டது. 2022 இன் நெருக்கடிக் காலத்தில் பால்மாவுக்காகக் கடை வாசலில் மக்கள் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திராது. அப்போதும் தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு வரிசை இருக்கவில்லை.

இருந்தபோதும், எல்லாத் தாய்மாராலும் கொடுக்க முடியும் என்று அடித்துச் சொல்வது நியாயமன்று. சில நோய்களில் வைத்தியரே வேறு வழி சொல்வார். தாயை இழந்த பிள்ளைகளும் உண்டு. அத்தகைய வீட்டாரைக் கேள்வி கேட்டு நோகடிப்பது பாவம். முன்னர் அண்டை வீட்டுப் பெண் பால் கொடுத்துக் காப்பாற்றிய கதைகள் லயங்களில் வழங்குவதுண்டு. இன்று நோய் தொற்றும் என்பதால் பரிசோதனையின்றி அவ்வாறு செய்வதை வைத்தியர்கள் விரும்புவதில்லை. மும்பாய் சயன் வைத்தியசாலையில் 1989 இல் வைத்தியர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, பிற தாய்மார் தரும் பாலைச் சோதித்துச் சூடாக்கிக் குறைமாதப் பிள்ளைகளுக்கு வழங்கும் முறைக்கு ஆசியாவிலேயே முன்னோடியாக அமைந்தது.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். உலக அளவில் இது பெருமைக்குரிய நிலை. அதே மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் புறத்தில் 32 பேர். இதற்குத் தாய்ப்பால் ஒன்றே காரணம் அன்று. தாயின் உடல் மெலிவும், ஆறு மாதத்துக்குப் பின் ஊட்டும் உணவின் போதாமையும் பெருங் காரணங்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக, அதாவது ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு அதிகமாக வேண்டும். ஆனால் எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பவளாகவே அவள் பல வீடுகளில் இருக்கிறாள். 1973 முதல் அரசு வழங்கிவரும் திரிபோஷாப் பொதி தாய்க்கு என்றுதான் கொடுக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்ததும் அது உருண்டையாகி எல்லோர் கையிலும் போய்விடுகிறது. பிள்ளைகள் கேட்டால் தாய் எப்படி மறுப்பாள்? கணவன்தான் 'அது அம்மாவுக்கு' என்று சொல்ல வேண்டும். மாலையில் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சாராயக் கடையில் வைத்துவிட்டு வருபவன் அதைச் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறான்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வைத்தியரின் அறிவுரையைவிட, அதே பாடு பட்டுத் தேறிய இன்னொரு பெண்ணின் வார்த்தை சில வேளை கூடுதலாக உதவும். அமெரிக்காவில் 1956 இல் ஏழு தாய்மார் கூடித் தொடங்கிய லா லெச்சே லீக் என்ற அமைப்பு இந்த உண்மையின் மேல்தான் எழுந்து உலகெங்கும் பரவியது. இலங்கையிலும் சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டலில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் கிராமங்களில் இயங்குகின்றன. தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தர் கிடைக்காத தோட்டப் பிரிவுகளில் இத்தகைய குழு இரு மடங்கு பயன் தரும். இரண்டு மூன்று பிள்ளை வளர்த்த பெண்கள் நால்வர், வாரம் ஒருமுறை புதுத் தாயின் வீட்டுக்குப் போய், பிள்ளை மார்பில் சரியாக வாய் வைத்திருக்கிறதா என்று பார்த்து, அவளுக்கு ஒரு கோப்பை கஞ்சியும் வைத்துக் கொடுத்து வந்தால் போதும். காம்பு வெடித்து வலியோடு பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் குறை அவளிடம் இல்லை, பிள்ளை வாய் வைக்கும் விதத்திலேயே இருக்கும். காம்பை மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கரும்பகுதியையும் பிள்ளை கவ்வ வேண்டும். பால் கட்டிக் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

பேரிடர் நேரத்தில் இத்துணை இன்னும் அவசியமாகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியோர் பாடசாலைகளில் தங்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில் உதவ வருவோர் அன்போடு பால்மாவும் போத்தலும் கொண்டு வருவர். சுத்தமான நீரும் அடுப்பும் இல்லாத முகாமில் அதுவே ஆபத்தாகிவிடும் என்பதால், பால்மாவைப் பொதுவில் பங்கிட வேண்டாம் என்பது சர்வதேச சுகாதார அமைப்புகளின் அறிவுறுத்தல். தாய்க்குச் சூடான உணவும், மறைவான ஓர் இடமும், ஒரு போர்வையும் கொடுத்தால் அதிர்ச்சியில் நின்ற பால் மீண்டும் இறங்கும்.

மறைவான இடம் என்பது திருவிழாவிலும் கிடைப்பதில்லை. தேர் லயம் லயமாகச் சென்று வரும் இரவில், கரகம் பாலிக்கும் நாளில், கைக்குழந்தையோடு வரும் தாய் எங்கே அமர்ந்து பால் கொடுப்பாள்? கண்ணூறு படும் என்ற பயம் ஒருபுறம், கூச்சம் ஒருபுறம். அதனால் போத்தலில் மாப்பால் கரைத்துக் கொண்டே பலர் கோயிலுக்கு வருகின்றனர். தமிழ்நாட்டில் 2015 ஆம் ஆண்டு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பஸ் நிலையத்தில் இயன்றது கோயிலில் இயலாதா? மடப்பள்ளிக்குப் பக்கத்தில் சேலைத் திரை கட்டி, இரண்டு பாயும் ஒரு குடம் கொதித்தாறிய தண்ணீரும் வைத்தால் செலவு ஒன்றுமில்லை. வாசலில் வயதான ஓர் அம்மாவை அமர்த்தினால் கூச்சமும் தீரும். அன்னதானப் பந்தியில் கைக்குழந்தைக்காரியை வரிசையில் நிறுத்தாமல், முதற்பந்தியில் இருத்தி, இன்னொரு கரண்டி பருப்பு கூடுதலாக வைத்துப் பரிமாறலாம். அவள் சாப்பிட்டு முடியும்வரை பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொள்ளப் பந்தியில் நிற்கும் பெண்களில் ஒருத்தி இருந்தால் போதும்.